பாடம் எடுப்பவர்களை முதலில் விளையாட விடுங்கள்: டியூஷன் ஆசிரியர்களுக்கான அரைநாள் பயிற்சி, படிப்படியாக

மாடி வீட்டு டியூஷன், கோயில் மண்டபத்தில் நடக்கும் இலவச மாலை வகுப்பு, 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையம். எங்கே போய்க் கேட்டாலும் பாடம் எடுப்பவர்கள் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்துவிடும்: "நான் நல்லாத்தான் சொல்லித் தர்றேன், அவனுக்குத்தான் மண்டையில ஏற மாட்டேங்குது." அவர்கள் பொய் சொல்லவில்லை. நன்றாகத்தான் சொல்லித் தருகிறார்கள், ஆனால் ஒரே மாதிரி சொல்லித் தருகிறார்கள். தாங்கள் எந்த வழியில் படித்துத் தேறினார்களோ அதே வழி. வாய்விட்டு ஒப்பித்துப் பழகியவர் ஒப்பிக்கச் சொல்கிறார். பத்து தடவை எழுதிப் பழகியவர் பத்து தடவை எழுதச் சொல்கிறார்.

இதை மேடையில் நின்று எடுத்துச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், மறுநாள் பழையபடிதான். விளையாட்டில் அவர்களே மாட்டிக்கொண்டு விழித்தால் அது நிற்கும். பயிற்சிகளில் ஐஸ்பிரேக்கர் என்ற பெயரில் கூச்சம் போக்க ஐந்து நிமிடம் ஏதோ ஒன்றை விளையாடிவிட்டு, பிறகு மூன்று மணி நேரம் பவர்பாயிண்ட் போடுவது வழக்கம். இங்கே நான் சொல்வது அதன் தலைகீழ். விளையாட்டுதான் பயிற்சி, பேச்சு அதற்கு இடையில் வரும்.

இந்த வழிகாட்டி பயிற்சியை நடத்துபவருக்கானது. நீங்கள் ஒருங்கிணைப்பாளராக இருக்கலாம், சென்டர் நடத்துபவராக இருக்கலாம். 15 முதல் 24 பேர், காலை 9.30 முதல் மதியம் 1 மணி வரை என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

கற்றல் பாணி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு நான்கு பங்குப் பிரிவினை: பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், வாசித்து எழுதிக் கற்பவர், செய்து பார்த்துக் கற்பவர். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃப்ளெமிங் 1987இல் உருவாக்கியது அது. இதுபோல் இன்னும் எத்தனையோ உண்டு. 2004இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்ட் குழுவினர் கணக்கெடுத்தபோது 71 மாதிரிகள் தேறின. ஆனால் பிள்ளையின் பாணியைக் கண்டுபிடித்து அதற்கேற்றபடி பாடம் எடுத்தால் மதிப்பெண் கூடும் என்பதற்குச் சான்று உண்டா? 2008இல் ஹரோல்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் துருவிப் பார்த்து, நம்பத்தக்க சான்று இல்லை என்று எழுதினார்கள். பல்வகை அறிவுத்திறன் பற்றி 1983இல் எழுதிய ஹோவர்ட் கார்ட்னரும், தான் சொன்னதைக் கற்றல் பாணியோடு போட்டுக் குழப்பாதீர்கள் என்று 2013இல் வெளிப்படையாகவே சொன்னார்.

அப்படியானால் எதற்கு இந்தப் பயிற்சி? ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருப்பது உண்மை. ஒருவருக்குத் தெரிந்த சொல் இன்னொருவருக்குத் தெரியாது. ஒருவர் தடுக்கும் இடத்தில் மற்றவர் தடுக்க மாட்டார். சிலருக்குச் சில வழி பிடிக்கும். இதை எல்லாம் நேரில் பார்க்க விளையாட்டு உதவும். "நீ கண் வழி, நீ காது வழி" என்று நெற்றியில் முத்திரை குத்துவதற்கு அல்ல. யாராவது கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் கூட்டி "நான் எந்த வகை" என்று கண்டுபிடிக்கச் சொன்னால் அந்தத் தாளை வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள்.

தயாரிப்பு

புளியங்கொட்டை 210. சாக்பீஸ், வெள்ளைத்தாள், பேனா. தொடுக்காத உதிரிப் பூ கொஞ்சம், நூல் அல்லது வாழைநார். ஒரு தாம்பாளம், அதில் பரப்ப 20 சின்னச் சாமான்களாக இரண்டு தொகுப்பு, மூட ஒரு துண்டு. பல்லாங்குழிப் பலகை மூன்று கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் தரையில் 14 வட்டம் போட்டுக்கொள்ளலாம். பார்க்க அழகாக இருக்கிறது என்று குன்றிமணி மட்டும் கொண்டுவராதீர்கள். பிள்ளைகள் வாயில் போட்டுக் கடித்தால் கடும் விஷம், நாளைக்கு இதே விளையாட்டை அவர்கள் வகுப்புக்குக் கொண்டுபோவார்கள்.

எல்லாரும் தரையில் வட்டமாக உட்காரட்டும். மேலதிகாரி வந்தால் அவரும் தரைக்கு வரட்டும், அல்லது கடைசியில் தேநீருக்கு வரட்டும். நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்குத் தப்பு செய்யத் துணிச்சல் வராது. இந்தப் பயிற்சிக்குத் தப்புதான் மூலப்பொருள்.

முதல் படி: கொக்கு பற பற (10 நிமிடம்)

விளையாட்டு எல்லாருக்கும் தெரியும். பறப்பதைச் சொன்னால் கையைத் தூக்க வேண்டும், பறக்காததைச் சொன்னால் தூக்கக் கூடாது. நடத்துபவர் மட்டும் எல்லாவற்றுக்கும் கை தூக்குவார். "காக்கா பற பற, மைனா பற பற, மாடு பற பற!" பாதிப் பேர் கை மேலே போயிருக்கும். சிரிப்பில் கூச்சம் போய்விடும்.

இரண்டாவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு விளையாடச் சொல்லுங்கள். தப்பு குறையும். இப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மாட்டுக்குக் கை தூக்கினவங்களுக்கு மாடு பறக்காதுன்னு தெரியாதா?" தெரியும். காது ஒன்று கேட்டது, கண் வேறொன்று பார்த்தது, கை கண்ணோடு போய்விட்டது. கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிக்கொண்டே வாயால் வேறொன்றை விளக்கும்போது பிள்ளைகளுக்கு நடப்பதும் இதுதான். தப்பு செய்தவர்கள் பார்த்துக் கற்பவர்கள் என்று யாராவது முடிவு கட்ட வருவார்கள், விடாதீர்கள்.

இரண்டாம் படி: பதினாறு இருபத்தைந்து (10 நிமிடம்)

பேனா, தாள், செல்போன் எதுவும் இல்லாமல் 16 × 25 எவ்வளவு என்று கேளுங்கள். விடையைச் சொல்லக் கூடாது, தலையில் எப்படிப் போட்டோம் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒருவர் 25ஐ நான்கால் பெருக்கி நூறாக்கி, அதை மறுபடி நான்கால் பெருக்கியிருப்பார். இன்னொருவர் 10 × 25, 6 × 25 என்று பிரித்திருப்பார். ஒருவருக்குக் கண்ணுக்குள் தாள் விரிந்து, ஐயாறு முப்பது, மீதி மூன்று என்று பள்ளிக்கூட முறையிலேயே ஓடியிருக்கும். வயதில் மூத்தவர் யாராவது இருந்தால் "பதினாறு நாலணா நாலு ரூபாய்" என்று நொடியில் முடித்திருப்பார். இந்த நாலணாக்காரரைப் பேச விடுங்கள். அவருக்குத் தனிப் பாணி ஒன்றும் இல்லை, காசு எண்ணிய அனுபவம் இருக்கிறது. கடையில் அப்பாவுக்கு ஒத்தாசையாக நிற்கும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் உங்கள் டியூஷனிலும் இருப்பான். அவனை "கணக்கில் மட்டம்" என்று சொல்வதற்கு முன் பாக்கிச் சில்லறையாகக் கேட்டுப் பார்த்தீர்களா என்று அவர்களிடம் கேட்கலாம்.

மூன்றாம் படி: முதுகோடு முதுகாகக் கோலம் (30 நிமிடம்)

இருவர் இருவராக முதுகு ஒட்டி உட்காரட்டும். ஒருவர் கையில் எளிமையான சிக்குக் கோலம் வரைந்த தாள், மற்றவர் கையில் வெற்றுத்தாள். கோலம் வைத்திருப்பவர் வாயால் மட்டும் சொல்ல வேண்டும், வரைபவர் கேள்வி கேட்கக் கூடாது. ஏழு நிமிடம். பிறகு ஆளை மாற்றி வேறொரு கோலத்தோடு இன்னொரு சுற்று, இந்த முறை கேள்வி கேட்கலாம்.

மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவர் வாயைத் திறந்ததும் "அஞ்சு புள்ளி, மூணுல நிறுத்து, இடைப்புள்ளி" என்பார். கோலம் தெரிந்த கூட்டாளி என்றால் புள்ளி கச்சிதமாக விழும். தெரியாதவர் என்றால் ஐந்து புள்ளியை வைத்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருப்பார். "என்னக்கா, இடைப்புள்ளின்னா தெரியாதா?" என்று இவர் கேட்பார். நீங்கள் காத்திருந்த இடம் இதுதான். பகுதி, தொகுதி என்று நாம் சொல்வதும் எழுவாய், பயனிலை என்று நாம் சொல்வதும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இடைப்புள்ளிதான். நன்றாகத் தெரிந்தவருக்குத் தெரியாதவரின் இருட்டு மறந்துபோகிறது.

இரண்டாவது சுற்றில் படம் தேறும். காரணம் கேட்டால் "நல்லா விளக்கினாங்க" என்பார்கள். பெரும்பாலும் விளக்கம் மாறியிருக்காது, கேள்விதான் சேர்ந்திருக்கும். அதை அவர்களே கண்டுபிடிக்கும்வரை கொஞ்சம் பொறுங்கள்.

நான்காம் படி: பல்லாங்குழி, மூன்று வாசல் (60 நிமிடம்)

அரைநாளின் உயிர் இது. நேரம் போதவில்லை என்றால் மற்றவற்றைக் குறையுங்கள், இதைத் தொடாதீர்கள்.

பல்லாங்குழி ஆடத் தெரிந்தவர்களை முதலில் தனியாகப் பிரித்து நடுவர்களாக்குங்கள். மற்றவர்கள் மூன்று குழு. ஊருக்கு ஊர் விதி மாறும் என்பதால் ஒன்றை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். எளிதானது இது: ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து கொட்டை. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்பக்கமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், அத்தோடு ஆட்டம் எதிராளிக்கு. அடுத்தடுத்து இரண்டு குழி காலி என்றால் ஒன்றும் கிடையாது. ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, அந்தக் குழிக்காரருக்குச் சொந்தம்.

முதல் குழுவுக்கு விதியை ஒரு முறை வாயால் சொல்ல வேண்டும், பலகையைக் காட்டக் கூடாது. இரண்டாம் குழுவுக்கு அதே விதி எழுதிய தாள், யாரும் விளக்கக் கூடாது. மூன்றாம் குழுவின் முன் இரு நடுவர்கள் ஐந்து நிமிடம் வாயே திறக்காமல் ஆடிக் காட்ட வேண்டும். பிறகு மூன்று குழுவும் 10 நிமிடம் தங்களுக்குள் ஆடட்டும். நடுவர்கள் குறிப்பு எடுக்கலாம், திருத்தக் கூடாது. நடுவர்களுக்கு இது பெரிய தண்டனை, கை பரபரக்கும். அதையும் பின்னால் பேசலாம்.

என்ன நடக்கும்? வாயால் கேட்ட குழு உற்சாகமாகத் தொடங்கி, காலிக் குழி வரும் இடத்தில் சண்டை போடும். துடைப்பதா, எடுப்பதா, யாருக்கு? தாள் வாங்கிய குழு அமைதியாக இருக்கும், ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். தகராறு வந்தால் தாளைத் திரும்பப் பார்க்க முடிவது அவர்களுடைய வசதி. பார்த்த குழு சட்டென்று கொட்டையை அள்ளிச் சுற்றத் தொடங்கும், ஆனால் ஏன் எடுக்கிறோம் என்று தெரியாது. ஆடிக் காட்டிய ஐந்து நிமிடத்தில் பசு விழவே இல்லை என்றால் பசு என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. செய்முறையைக் காட்டினாலே புரிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பசுவை மறக்கக் கூடாது.

பத்து நிமிடம் கழிந்ததும் நிறுத்தி, ஒவ்வொரு குழுவுக்கும் விட்டுப்போன ஒன்றைக் கொடுங்கள். கேட்டவர்களுக்குத் தாள், வாசித்தவர்களுக்குச் செய்முறை, பார்த்தவர்களுக்கு விளக்கம். இன்னும் 10 நிமிடம் ஆட்டம். பிறகு மூன்று கேள்வி, இந்த வரிசையிலேயே:

எந்த இடத்தில் தடுக்கியது?

எது கிடைத்ததும் நகர்ந்தது?

முதலில் உங்களுக்கு எது வேண்டும் என்று தோன்றியது, கடைசியில் எது உண்மையில் உதவியது?

மூன்றாவது கேள்வியில்தான் சுவாரசியம். "எனக்குப் பார்த்தால்தான் ஏறும்" என்று காலையில் சொன்னவர், தாளில் இருந்த ஒரு வரிதான் தன்னைக் காப்பாற்றியது என்பார். பிடித்த வழியும் பலித்த வழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரு ஆட்டம் முழுக்க ஆடி முடித்த பிறகுதான் விளங்கியது என்று பலர் சொல்வார்கள், அதையும் கரும்பலகையில் எழுதிவையுங்கள்.

ஐந்தாம் படி: கை கட்டிக்கொண்டு பூக் கட்டுதல் (25 நிமிடம்)

பூக் கட்டத் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர். தெரிந்தவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லித் தர வேண்டும். "நூலை விரலில் சுற்றி, பூவை இப்படி... இல்ல, அப்படி இல்ல" என்பதோடு ஐந்து நிமிடம் ஓடிவிடும். அடுத்த ஐந்து நிமிடம் கையை அவிழ்த்துவிடுங்கள். எதிரே உட்கார்ந்து காட்டினால் இடம் வலமாகிவிடும், பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சுலபம். எழுத்துப் பழகும் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து "அ" எழுதிக் காட்டுகிறவர்களுக்கு இது போதும்.

பெரும்பாலும் ஆண்கள்தான் கற்றுக்கொள்ளும் பக்கம் இருப்பார்கள். கேலி எழும். எழட்டும், கொஞ்ச நேரம். "இதுகூட வரலையா சார்" என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டே கையால் வேலை செய்வது எப்படி இருக்கிறது என்று அவர்களைச் சொல்ல விடுங்கள்.

ஒரு கிளைக்கதை. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்தைக் கீறிக்கொண்டே உரக்கச் சொல்வார்கள். விரல், வாய், காது, கண் எல்லாம் ஒரே எழுத்தில். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லித் தருவான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ராணுவத்தார் பிள்ளைகளுக்கான அனாதை ஆசிரமத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் பிள்ளைகளைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மாணவரை வைத்தே மாணவருக்குப் பாடம் நடத்தும் ஏற்பாட்டோடு அது இங்கிலாந்துக்குப் போய் மெட்ராஸ் முறை என்றே பெயர் பெற்றது. பாணி பிரித்து உட்கார வைக்கவில்லை, எல்லா வழியையும் எல்லாருக்கும் கொடுத்தார்கள்.

ஆறாம் படி: தாம்பாளம் (15 நிமிடம்)

20 சாமான்களைத் தாறுமாறாகப் பரப்பி ஒரு நிமிடம் காட்டி மூடுங்கள். நினைவிலிருந்து எழுதட்டும். அடுத்து வேறு 20 சாமான்கள், இம்முறை சமையலறைச் சாமான் ஓர் ஓரம், தையல் சாமான் ஓர் ஓரம், எழுதுபொருள் ஓர் ஓரம் என அடுக்கி. எண்ணிக்கை அநேகமாக எல்லாருக்குமே கூடும். அவ்வளவுதான், அதிகம் பேச வேண்டாம். சில உதவிகள் ஆள் பார்ப்பதில்லை என்பதைக் காட்டத்தான் இது.

ஏழாம் படி: பாடத்தோடு முடிச்சுப் போடுதல் (40 நிமிடம்)

தேநீருக்குப் பிறகு பாடப்புத்தகங்களை எடுக்கச் சொல்லுங்கள். இப்போது கேள்வி "இந்தப் பிள்ளைக்கு எந்த வழி" என்பதல்ல, "இந்தப் பாடம் எந்த வழியைக் கேட்கிறது" என்பது. இந்தத் திருப்பத்துக்காகத்தான் காலையிலிருந்து விளையாடியது.

காவிரி குடகில் புறப்பட்டு ஒகேனக்கல், மேட்டூர், ஈரோடு, திருச்சி என்று வந்து பூம்புகாரில் கடலில் சேர்வதை எத்தனை முறை ஒப்பித்தாலும் வரைபடத்தில் விரல் வைத்துப் பார்க்காமல் நிற்காது. வலி, வளி, வழி மூன்றையும் எத்தனை முறை எழுதினாலும் நாக்கு எங்கே தொடுகிறது என்று சொல்லிப் பார்க்காமல் பிரியாது. மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரியது என்று நினைக்கும் பிள்ளைக்கு (நான்கு பெரிதல்லவா, அதன் நியாயம் அதற்கு) ஒரே அளவுள்ள இரண்டு தாள்களைக் கொடுத்து மடிக்கச் சொல்ல வேண்டும். குறளுக்கு வாய் வேண்டும். மூவர் சேர்ந்து ஒரு பாடத்தை எடுத்து, அதற்கு இரண்டு வாசலாவது யோசித்து, மற்றவர்களுக்கு மூன்று நிமிடம் நடத்திக் காட்டட்டும்.

இங்கே ஒரு குழப்பம் வரும், தெளிவுபடுத்திவிடுங்கள். அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது பிள்ளைகளின் பாணியை அல்ல, எட்டியிருக்கும் நிலையை. அந்தப் பிரிவு தேவையானது, ஏனென்றால் நிலை நாளைக்கே மாறலாம். "இவன் காது வழி" என்ற பட்டம் மாறாமல் ஒட்டிக்கொள்ளும், பிறகு அவனுக்குப் புத்தகம் கொடுப்பதையே விட்டுவிடுவோம்.

இதைவிட முக்கியமான இன்னொன்று. கரும்பலகையைப் பார்த்து எழுதத் தடுமாறும் பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்படலாம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதில் சீழ் இருக்கலாம். வாயால் அருமையாக விடை சொல்லிவிட்டு, வாசிக்கச் சொன்னால் மாதக்கணக்கில் எழுத்துக் கூட்டித் திணறும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அதை அங்கீகரித்திருக்கிறது, தேர்வில் சலுகையும் உண்டு. இவற்றை எல்லாம் கற்றல் பாணி என்று சொல்லிச் சமாளிப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். பெற்றோரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் பேசி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கண்டுபிடித்துப் பெயர் சொல்வது டியூஷன் ஆசிரியரின் வேலை அல்ல.

எட்டாம் படி: வகுப்புக்குப் போன பின்

ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு கொடுங்கள். 20 பிள்ளைகளையும் கவனிக்கச் சொன்னால் யாரையும் கவனிக்க மாட்டார்கள். வாரத்துக்கு இரண்டு பிள்ளைகள் போதும். பல்லாங்குழிக்குப் பிறகு கேட்ட முதல் இரண்டு கேள்விகளையே எழுதட்டும்: எங்கே தடுக்கியது, எதை மாற்றியதும் நகர்ந்தது. மூன்றாவதாக, இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்ல முடிந்ததா. இந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். அன்றைக்குப் புரிந்த மாதிரி இருப்பது வேறு, நினைவில் நிற்பது வேறு. திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை மூடிவைத்து நினைவுகூர்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்ததை ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் காட்டியிருக்கிறார்கள். பாணி எதுவானாலும் எல்லாப் பிள்ளைக்கும் செய்ய வேண்டியது இது.

விளையாட்டுகளில் பிள்ளைகளிடம் அப்படியே கொண்டுபோகத் தக்கவை கொக்கு பற பற, தாம்பாளம், கோலம். பல்லாங்குழியை மூன்று வாசலாகப் பிரிக்காமல் சாதாரணமாக ஆட விட்டாலே போதும், எண்ணவும் கூட்டவும் வந்துவிடும். 16 × 25ஐ வகுப்புக்கேற்ற சின்னக் கணக்காக மாற்றி, தினமும் ஒன்று, "எப்படிப் போட்டே?" என்று கேட்டுப் பழகலாம். விடை தப்பாக இருந்தாலும் முதலில் வழியைக் கேட்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து ஒரு மணி நேரம் கூடுங்கள். தேதியைப் பயிற்சி நாளிலேயே குறித்துவிடுவது நல்லது, காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களைத் தவிர்த்து. நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஆனால் வாங்கிச் சரிபார்க்காதீர்கள், சரிபார்த்தால் அடுத்த மாதம் உங்களுக்காக எழுதத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையைப் பற்றி, பெயர் சொல்லாமல், இரண்டு நிமிடம் பேசட்டும். "எதை மாற்றியும் நகரவில்லை" என்று ஒருவர் சொன்னால் அவரை முதலில் பேச விடுங்கள், மீதி நேரத்தை எல்லாரும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்கே செலவிடலாம்.